மாடியில் சோலார் போடும் முன், சர்வீஸ் (மின் இணைப்பு) யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டு மாடியில் சோலார் போட்டதற்கான 78,000 ரூபாய் மானியம் ஒருவழியாக என் மாமியாரின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. 2024 கோடையில் விண்ணப்பம் போட்டோம், 2025 கோடையில் பணம் வந்தது. நடுவில் போன ஒரு வருடத்தில் கட்டிய வட்டி, ஏறிய கரண்ட் பில், அலுவலகப் படிக்கட்டுகளில் உட்கார்ந்திருந்த மதியங்கள், இரவில் தூக்கம் வராமல் போட்ட கணக்குகள் எல்லாவற்றிலும் பாதியாவது மிச்சமாகியிருக்கும், யாராவது என்னை உட்காரவைத்து அரைமணி நேரம் விவரமாகச் சொல்லியிருந்தால். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரும்தான். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கேட்க ஆள் இல்லாமல் ஒவ்வொன்றையும் இடித்துக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் அறையில் ஏ.சி. போட்டோம். படுக்கைப்புண் வராமல் இருக்க, மோட்டாரில் ஓடும் காற்று மெத்தையும் வாங்கினோம். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டுக்குள் இருந்த மின்சாரம் எழுநூறைத் தொட்டது. தமிழ்நாட்டில் பில் எப்படி ஏறும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். முதல் 100 யூனிட் இலவசம். 500 வரை ஓரளவு தாங்கலாம். 500ஐத் தாண்டிவிட்டால் கணக்கிடும் அட்டவணையே வேறாகி, மேலே போகிற யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், ஒன்பது ரூபாய்க்கு மேல் என்று விலை ஏறிக்கொண்டே போகும். எங்களுக்கு நாலாயிரத்தை ஒட்டி வந்தது. அந்த நேரத்தில்தான் பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் பற்றி எல்லா இடத்திலும் பேச்சு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம். ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். மூன்றுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான்.

இங்கே முதலில் மனதில் பதியவைக்க வேண்டியது ஒன்று. மானியம் கடைசியில்தான் வரும். முழுத் தொகையையும் நாம் போட்டு, பேனல் மாட்டி, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் மின்சாரத்தையும் வெளியே கொடுக்கும் மின்சாரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும் மீட்டர்) வைத்து, அலுவலர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது நம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 'சோலார் மூன்று கிலோவாட், ஒன்றே கால் லட்சம்தான்' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது மானியத்தைக் கழித்த விலை. கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியது வேறு. எங்களுக்குச் சொன்ன விலை 2,10,000 ரூபாய். 540 வாட் பேனல் ஆறு, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டில் ஓடும் மின்சாரமாக மாற்றும் ஒரு இன்வெர்ட்டர், தாங்கும் இரும்புச் சட்டம், எர்த், இடிதாங்கி எல்லாம் சேர்த்து.

இந்தத் திட்டத்துக்கென்றே பொதுத்துறை வங்கிகளில் பிணை இல்லாத கடன் உண்டு. மூன்று கிலோவாட் வரை, ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) அரை சதவீதம் மேலே, அப்போது ஏழு சதவீதம் அளவில் வட்டி இருந்தது. நான் வங்கிக்குப் போனேன். மேலாளர் பில்லை வாங்கிப் பார்த்தார். "இது யார் பெயர் அம்மா?" என்றார். என் மாமனார் பெயர். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. "உயிரோடு இருப்பவர் பெயரில் சர்வீஸ் இருந்தால்தான் கடன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சோலார் போட வந்த ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "வங்கிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் பேனலை மாட்டிவிடுவோம், வரிசையில் இடம் பிடித்த மாதிரி இருக்கும்" என்றார். ஊரில் நாலு வீட்டுக்கு வேலை செய்தவர், சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். தாலிச்சங்கிலி தவிர மற்ற நகைகளை வைத்து ஒன்றரை லட்சம் நகைக்கடன் வாங்கினேன், ஒன்பது சதவீத வட்டிக்கு. மீதி அறுபதாயிரம் மகள் படிப்புக்கென்று போட்டுவந்த சீட்டுப் பணம்.

விண்ணப்பத்தை ஒப்பந்தக்காரரே தன் மடிக்கணினியில், திட்டத்தின் இணையதளத்தில் போட்டார். மின் இணைப்பு எண்ணைக் கொடுத்ததும் மாமனாரின் பெயர் வந்து நின்றது. என் கைபேசி எண்ணைக் கொடுத்தோம். ஓ.டி.பி. வந்தது, சொன்னேன், முடிந்தது. பத்து கிலோவாட் வரை, சோலாரை இணைக்க முடியுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தனியாக வேண்டாம் என்று 2024 பிப்ரவரியிலேயே மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது, அதனால் அந்தக் கட்டம் சுலபமாகவே தாண்டியது. இணைப்புக்கு அனுமதித்த மின்பளு, அதாவது ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சார அளவு, இரண்டு கிலோவாட்தான் இருந்தது, அதைக் கூட்ட ஒரு கட்டணம் கட்டினேன். உங்கள் பில்லிலேயே மின்பளு எவ்வளவு என்று போட்டிருக்கும். நீங்கள் போடப்போகும் சோலார் அதைவிடப் பெரியது என்றால் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசியில் பேனல்கள் மாடி ஏறின. நீல நிறத்தில் ஆறும் வரிசையாக வெயிலில் பளபளத்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. கணவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இன்வெர்ட்டரை இயக்கிக் காட்டி, "நெட் மீட்டர் வர நாளாகும், அதுவரை சும்மா ஏன் கிடக்க வேண்டும், ஓடட்டும். பகலில் உங்களுக்குக் கரண்ட் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் பில் குறையும் என்று நம்பிக்கையோடு காத்திருந்தேன். கணக்கெடுப்பவர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போனார். தொகையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. சோலார் போடுவதற்கு முன் வந்ததைவிட இரண்டாயிரத்துக்கு மேல் கூடுதல்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வயர்மேன் அண்ணாச்சி. ஒரு மதியம், நல்ல உச்சி வெயிலில் வந்தார். வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். அத்தையின் மெத்தை மோட்டாரைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். பிறகு என்னை மீட்டர் பெட்டி அருகே கூப்பிட்டார். மீட்டரின் முகப்பில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருக்கும். அந்த விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று கணக்கு. வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, இது நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி போய் சோலார் பக்கத்து பிரேக்கரை இறக்கினார். மினுக்கல் நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினார், சற்று நேரத்தில் இன்வெர்ட்டர் உயிர்பெற்றதும் விளக்கு மினுக்கத் தொடங்கிவிட்டது. "அம்மா, இந்த மீட்டருக்குப் போவது வருவது தெரியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் இதற்குக் கூட்டல்தான். நீங்கள் வெளியே கொடுத்த கரண்டுக்கெல்லாம் நீங்களே பணம் கட்டியிருக்கிறீர்கள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காசைவிட, அத்தனை நாளும் மாடியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நினைத்துத்தான் அழுதேன்.

சாதாரண மீட்டர்கள் பலவும் இப்படித்தான் செய்யும். ஆகவே நெட் மீட்டர் வைக்கும்வரை சோலாரை இயக்கவே கூடாது. அனுமதி வரும் முன் இயக்குவது விதிப்படியும் தவறு. பேனல் மாட்டுகிறவர் என்ன சொன்னாலும் பிரேக்கரை இறக்கியே வையுங்கள். சோதனைக்காக ஓட்டிக் காட்டினால், அவர்கள் கிளம்பும்முன் இறக்கச் சொல்லி, உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கட்டிய பணம் எனக்குத் திரும்பவே இல்லை. யாரிடம் கேட்பது? மீட்டர் காட்டியதைத்தானே எழுதினார்கள்.

அன்றைக்கே பிரேக்கரை இறக்கினோம். நெட் மீட்டருக்காக மின்வாரிய அலுவலகத்துக்குப் போனால், இருக்கும் கோப்பைப் பார்த்துவிட்டு, "விண்ணப்பதாரர் எங்கே?" என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றேன். "இறந்தவர் பெயரில் ஒப்பந்தம் எப்படிப் போடுவது? மானியம் வந்தாலும் எந்தக் கணக்குக்குப் போகும்?" என்றார் அங்கிருந்த அலுவலர். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் மானியம். கணக்கில் உள்ள பெயரும் சர்வீஸ் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இது இந்தத் திட்டத்தின் அடிப்படை. முதல் நாளே ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பேனலை விற்றுவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதை எனக்கு மறைத்தார் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

நம் ஊர்களில் எத்தனை வீட்டில் கரண்ட் பில் தாத்தா பெயரிலும், வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது! பில்லை ஒழுங்காகக் கட்டும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் அப்படியே கிடக்கிறது. மாற்றப் போகும்போதுதான் குடும்பக் கதை முழுக்க வெளியே வருகிறது. இறப்புச் சான்றிதழ் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் இல்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, தாசில்தார் வழியாக அது வருவதற்கே வாரக்கணக்கில் ஆனது. வாரிசுகள் மூன்று பேர்: அத்தை, என் கணவர், நாத்தனார். யார் பெயருக்கு மாற்றினாலும் மற்றவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாத்தனாருக்குத் தொலைபேசியில் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மதினி, கரண்டுக்குக் கையெழுத்து என்கிறீர்கள். நாளைக்கு வீட்டுக்கும் அதே கையெழுத்து என்று யாராவது சொன்னால்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாக அவளுடைய அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வருகிறேன், என்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறாளே என்று அன்றிரவு முழுக்கப் பொருமினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் பக்கம் பயப்படக் காரணம் இருக்கிறது. சொத்து விஷயத்தில் ஏமாந்த பெண்கள் நம் குடும்பங்களில் குறைவா? மின் இணைப்பில் பெயர் இருப்பது வீட்டுக்கு உரிமை ஆகாது, அது வேறு, பத்திரம் வேறு என்று ஒரு வழக்கறிஞரை விட்டே அவளிடம் பேசச் சொன்னேன். கடைசியில் அத்தை பெயருக்கு மாற்றுவது என்று முடிவானதும் அவளே வந்து கையெழுத்துப் போட்டாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நிலை இருந்தால், உயிரோடு இருக்கும் மூத்தவர் பெயருக்கு மாற்றுவதில் சண்டை குறைவு. கணவரின் ஒப்புதலைத்தான் மஸ்கட்டிலிருந்து எழுதி வாங்கி வரவழைக்க நாள் பிடித்தது. வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறைக்கு வரும்போதே இந்தக் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் மாறியது டிசம்பரில். பழைய விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு, ஜனவரியில் அத்தை பெயரில் புதிதாகப் போட்டோம். இந்த முறை நான் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியை நம்பவில்லை. மகள் விடுமுறையில் வந்திருந்தாள், அவளை வைத்து வீட்டிலேயே போட்டேன். கடவுச்சொல், மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாம் நம்முடையதாக இருக்க வேண்டும். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இது தெரியாமல் மாதக்கணக்கில் 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒற்றைப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் பலர்.

அத்தையின் வங்கிக் கணக்கில் அடுத்த முடிச்சு. ஆதாரில் முன்னெழுத்து பின்னால் இருந்தது, பாஸ் புத்தகத்தில் முன்னால். கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் கணக்கே முடங்கிக் கிடந்தது. படுத்திருப்பவரை எப்படி வங்கிக்குக் கூட்டிப்போவது? நிலைமையை எழுதிக் கொடுத்தேன். கிளையிலிருந்து ஓர் இளைஞர் வீட்டுக்கே வந்து, அத்தையின் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து ரேகை எடுத்துப்போனார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, கரண்ட் பில் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பேனல் விலை விசாரிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நெட் மீட்டர் வைக்கும் முன் உதவிப் பொறியாளர் மாடிக்கு வந்து பார்த்தார். மானியம் வேண்டுமென்றால் பேனல் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் செல்லும் இங்கே செய்ததாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள், இறக்குமதிச் செல் போட்டதைவிட விலை அதிகம். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு வரிசை எண் உண்டு, சான்றிதழில் அந்த எண்கள் இருக்கும். பொறியாளர் சட்டத்துக்கு அடியில் கைபேசியை நீட்டி, பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து, ஒவ்வொன்றாகச் சான்றிதழோடு ஒத்துப்பார்த்தார். நான்கு சரியாக இருந்தன. இரண்டு பேனலின் எண் சான்றிதழில் இல்லை.

என் நல்ல காலம், ஒப்பந்தக்காரருக்கு இருபதாயிரம் பாக்கி வைத்திருந்தேன். மீட்டர் ஓடத் தொடங்கியதும் தருவதாகத் தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டது. அது மட்டும் இல்லையென்றால் அவர் தொலைபேசியை எடுத்திருக்கவே மாட்டார். 'கிடங்கில் மாறிப்போயிருக்கும்' என்று சமாளித்தார், பின்னர் அந்த இரண்டையும் கழற்றிவிட்டுச் சரியானதை மாட்டினார். பணத்தை ஒரே தவணையில் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம், பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, மாட்டி முடித்ததும் ஒரு பகுதி, நெட் மீட்டர் ஓடிய பிறகு மிச்சம் என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை அவருக்கு உறுத்துகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். பேனல் கீழே இருக்கும்போதே, மாடிக்கு ஏற்றும் முன், பின்பக்கச் சீட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

நெட் மீட்டர் கையிருப்பில் இல்லை என்று பிறகும் கொஞ்ச நாள் இழுத்தது. பேனல் மாட்டிய தகவல் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் ஆய்வு செய்து இணைப்பைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று 2024 விதித் திருத்தம் சொல்கிறது என்று அண்ணாச்சிதான் எடுத்துக் கொடுத்தார். அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வாங்கிக்கொண்டேன். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் புகார் பதிவு செய்தேன். வாய்ப்பேச்சுக்கு வராத மீட்டர், ஒப்புகைக்கு வந்தது. மார்ச்சில் மாட்டினார்கள். மே மாதம் 78,000 வந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போய் நகைக்கடனில் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், நகைக்கடன் வட்டி பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். பேனல் மாடியில் இருந்தும் முழுசாகக் கட்டிய பில்கள், அந்த ஆறாயிரத்தையும் சேர்த்துப் பதினாறாயிரம். முத்திரைத்தாள், நோட்டரி, வழக்கறிஞர், சான்றிதழ்கள், ஆட்டோ என்று மூவாயிரத்துக்கு மேல். ஆக முப்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது, மானியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. பெயரை முதலில் மாற்றியிருந்தால் ஏழு சதவீதக் கடனும் கிடைத்திருக்கும், இந்தப் பில்களும் மிஞ்சியிருக்கும்.

இப்போது பில் எப்படி? வீட்டு இணைப்பு என்றால், நாம் வெளியே கொடுத்த யூனிட்டை, எடுத்த யூனிட்டிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பணம். மூன்று கிலோவாட்டில் நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் வரும், இரண்டு மாதத்துக்கு எழுநூறு. எங்கள் செலவும் ஏறக்குறைய அதுதான். கழித்து மிஞ்சுவது நூறுக்குள் இருந்தால் இலவச 100 யூனிட்டில் அடங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உற்பத்தி குறைந்து கொஞ்சம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட்டுக்குள் செலவழிக்கிற வீட்டுக்காரர்கள் இலவசம் என்ற சொல்லைக் கேட்டு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்கு வருகிற பில்லே ஆயிரத்துக்குள்தான். லட்ச ரூபாயை முடக்கினால் திரும்ப வர வெகுகாலம் ஆகும். ஐந்நூறைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் இது பெரிய நிம்மதி. கணக்கெடுக்க வருகிற அன்று மீட்டரில் மாறி மாறி வரும் இரண்டு எண்களையும், எடுத்தது ஒன்று, கொடுத்தது ஒன்று, நீங்களும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் பில்லில் கொடுத்த யூனிட்டைக் கழிக்காமல் விட்டுவிட்டார்கள், படத்தைக் காட்டியதும் திருத்தினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது யாரும் எனக்குச் சொல்லாதது. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். மே மாதம் ஒரு நண்பகலில் மின்தடை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே மின்விசிறி நிற்கிறது, அத்தையின் மெத்தை காற்றிறங்கித் தளர்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டர் அணைந்து கிடக்கிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன்மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளியே மின்சாரம் இல்லையென்றால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நியாயமான ஏற்பாடு. ஆனால் வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரியோடு சேர்ந்த இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் விலை கூடும், பேட்டரிக்கென்று தனி மானியம் கிடையாது. நான் மெத்தைக்கும் ஒரு விசிறிக்கும் மட்டும் சிறிய பேட்டரி யு.பி.எஸ். ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இந்தத் திட்டத்தில் போட்டுத் தருகிறவர் ஐந்து வருடம் பராமரிக்கக் கடமைப்பட்டவர். அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். உத்தரவாதக் காகிதங்களைச் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே வாங்குங்கள். என்னுடையவை மாமனார் பெயரில் இருந்தன, மாற்றி வாங்க மறுபடி ஒரு போராட்டம். உப்புத் தண்ணீரில் பேனலைக் கழுவினால் வெள்ளைப்படலம் பிடிக்கிறது, நல்ல தண்ணீரில் காலை வெயில் ஏறும் முன் கழுவுகிறேன். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தால்கூட வரிசை முழுக்க உற்பத்தி குறைகிறது, அதனால் மாட்டும் முன் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடம் சொல்லுங்கள்.

நாத்தனார் வீட்டிலும் இப்போது போட்டுவிட்டார்கள். சர்வீஸ் அவள் கணவரின் அம்மா பெயரில் இருந்தது. பேனல் பேச்சே எடுக்காமல் முதலில் பெயரை மாற்றவைத்தேன், பிறகு பாஸ் புத்தகத்தையும் ஆதாரையும் ஒத்துப்பார்த்தோம். வங்கியில் திட்டக் கடனே கிடைத்தது. விண்ணப்பத்திலிருந்து மானியம் வரை மூன்று மாதத்துக்குள் முடிந்துவிட்டது. திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். பெயர் மாற்றத்துக்கே சில மாதம் பிடிக்கலாம் என்பதால், போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காதவர்களும் அதை இப்போதே தொடங்கிவிடலாம்.